பறக்கும் பாதை: சிறுவர் வாசிப்பும் எமது புனைவின் வறுமையும்

எமது சஞ்சிகைகளில் வரும் சிறுகதை விமர்சனங்களில் ஒரு சொல் தவறாமல் இடம்பெறும். ‘மண்வாசனை’ என்பதே அது. கதையில் வயலும் வள்ளமும் வட்டாரப் பேச்சும் வந்துவிட்டால் மண்வாசனை கமழ்கிறது என்று எழுதிவிட்டு நாம் பேனாவை மூடிவிடுகிறோம். நானும் அப்படி எழுதியவன்தான். அந்தச் சொல் எனக்கு இப்போது சற்று உறுத்தலாக இருக்கிறது. மண்ணின் வாசனையை மட்டுமே முகர்ந்துகொண்டிருந்ததில் அண்ணாந்து பார்க்கும் பழக்கத்தை நாம் விட்டுவிட்டோமோ என்ற சந்தேகம் சில வருடங்களாகவே எனக்குள் இருந்து வருகிறது. அதற்கு ஒரு கொப்பி காரணம்.

கிண்ணியாவுக்குப் பாலம் வருவதற்கு முந்திய காலம். 2007 என்று நினைவு. நான் ஆசிரியனாகிச் சில வருடங்களே ஆகியிருந்தன. திருகோணமலைக்குப் போவதென்றால் எமக்குப் ‘பாதை’தான் கதி. வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன், இங்கே பாதை என்றால் தெருவல்ல. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு களப்பின் குறுக்கே ஊர்ந்து போகும் மிதவை. நோயாளியும் அதில்தான், கல்யாணக் கோஷ்டியும் அதில்தான், மையித்தும் அதில்தான். தரம் 7 மாணவர்களுக்கு ‘எமது ஊரின் தேவை’ என்று ஒரு கட்டுரை கொடுத்தேன். முப்பது பேரும் பாலம் வேண்டும் என்று எழுதினார்கள். அதில் இருபத்தொன்பது பேர் நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட குறிப்புகளையே வசனமாக்கித் தந்தார்கள். ஒரு பையன் மட்டும் வேறொன்று எழுதியிருந்தான். அவனுடைய கட்டுரையில் பாதை ஒருநாள் சுபஹு நேரம் தண்ணீரை விட்டு எழும்பிப் பறக்கத் தொடங்குகிறது. அதில் இருந்த மாடு ஒன்று பயத்தில் கத்துகிறது. துறைமுகத்துக் கப்பல்கள் எல்லாம் கீழே செருப்புகள் மாதிரித் தெரிகின்றன. கடற்படைச் சோதனைச் சாவடிக்காரர் அண்ணாந்து பார்த்து, இறங்கி வந்து அடையாள அட்டையைக் காட்டு என்று கத்துகிறார். பாதை இறங்கவில்லை.

நான் சிவப்பு மையால் ‘தலைப்புக்குப் புறம்பானது’ என்று எழுதி இருபதுக்கு ஆறு புள்ளி போட்டேன். மற்ற இருபத்தொன்பது பேரில் ஒருவருக்கும் பன்னிரண்டுக்குக் குறையவில்லை.

இதை ஒரு பாவமன்னிப்பாக எழுதவில்லை. இது இலக்கியப் பிரச்சினை என்பதனாலேயே எழுதுகிறேன். அந்தக் கட்டுரையில் நான் மேலே சொன்ன அந்தச் சோதனைச் சாவடி வசனம் இருக்கிறதே, அக்காலத்தில் எமது பகுதியிலிருந்து வெளிவந்த எத்தனை யதார்த்தக் கதைகளில் அதைவிடக் கூர்மையான ஓர் அரசியல் வசனம் இருந்தது? பதின்மூன்று வயதுப் பையன் பயமில்லாமல் அதை எழுத முடிந்தது, பாதை பறந்ததால்தான். தரையில் நின்றிருந்தால் அவனும் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு வரிசையில் போயிருப்பான். அவனை வாசிக்கத் தெரியாமல் போனது என்னுடைய விமர்சனக் கோளாறு. அந்தக் கோளாறு எனக்கு மட்டும் உரியதல்ல என்பதே இங்கு நான் சொல்ல வருவது.

வேடிக்கை என்னவென்றால், அப்படிப்பட்ட கதைகளிலேதான் நானும் வளர்ந்தேன். எண்பதுகளின் இறுதியில், போர்க்காலத்தில், எமது ஊருக்குப் புத்தகம் வருவது சீராக இல்லை. வந்தவை பழையவை. கொழும்பிலிருந்து கடைச் சாமானோடு காக்காமார் யாராவது கட்டிக்கொண்டு வரும் அம்புலிமாமாவும், சிவகாசியிலிருந்து எப்படியோ கடல் தாண்டி வந்த முத்து கொமிக்ஸும் லயன் கொமிக்ஸும் கைமாறிக் கைமாறி எம்மிடம் சேரும்போது அட்டை இருக்காது. பல சமயம் கடைசிப் பக்கங்களும் இருக்கமாட்டா. வில்லன் என்ன ஆனான் என்பதை நாங்களே முடிவு செய்தாக வேண்டும். மதரஸா விட்டு வரும் வழியில் அதற்காகச் சண்டையே நடக்கும். ஒருவன் சொன்ன முடிவு மற்றவனுக்குப் பிடிக்காது. கதையை முடிப்பது என்னும் வேலையின் முதற் பயிற்சி எனக்கு அங்கேதான் கிடைத்தது.

அம்புலிமாமா 1947 யூலையில் சென்னையில் தொடங்கப்பட்டது. அதில் எம்மைப் பிடித்து வைத்தது விக்கிரமனும் வேதாளமும். 2020இல் காலமான ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படம், தோளில் பிணமும் கையில் வாளுமாக மன்னன் நடக்கும் படம், இன்றும் கண்ணில் நிற்கிறது. கதைக்குள் இருக்கும் நிபந்தனை எவ்வளவு விசித்திரமானது என்பதைப் பெரியவனான பிறகே யோசித்தேன். விடை தெரிந்தும் பேசாமல் இருந்தால் மன்னனின் தலை வெடித்துவிடும். பேசினாலோ பிணம் திரும்பவும் மரத்துக்குப் போய்விடும். வேதாளம் கேட்பதோ, இவர்களில் யார் செய்தது நியாயம் என்ற கேள்வி. கதை கேட்டு முடிந்ததும் நியாயம் சொல்ல வேண்டிய பொறுப்பு கேட்டவன் தலையில் விழுகிறது. வேறெந்தப் பாடப்புத்தகமும் எமக்கு அப்படியொரு விமர்சனப் பயிற்சியைத் தரவில்லை.

முத்து கொமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. அதன் மூலம் 1962இல் பிரித்தானியச் சிறுவர் இதழொன்றில் தொடங்கிய ஒரு சித்திரத்தொடர். ஆய்வுகூட விபத்தில் வலது கையை இழந்த ஒருவனுக்கு இரும்புக் கை பொருத்தப்படுகிறது. மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறைந்துவிடும், கை மட்டும் தெரியும். லண்டன் பையனுக்கு அது ஒரு விஞ்ஞான வேடிக்கையாக இருந்திருக்கும். எமக்கு அப்படி இருக்கவில்லை. 1990இல் போர் மீண்டும் மூண்ட பின்னர் சுற்றிவளைப்பும் ஊரடங்கும் வழமையாகிப்போன ஊரில், மறைந்துபோவது என்பது பத்து வயதுப் பையனின் அன்றாடத் துஆ மாதிரி. வாப்பா பாதையில் ஏறிப் பட்டணத்துக்குப் போன நாட்களில் அவர் மாயாவியாகிவிட்டால் நல்லது என்று நான் உண்மையாகவே நினைத்திருக்கிறேன். ஆனால் கை தெரியுமே என்ற கவலையும் கூடவே வரும். முழுதாக மறைய முடியாது, ஏதோ ஒன்று காட்டிக்கொடுத்துவிடும் என்ற அந்த அச்சத்தைப் பிற்காலத்தில் எத்தனையோ போர்க்காலக் கதைகளில் தேடியிருக்கிறேன். அந்த அளவு துல்லியமாக எங்கும் கிடைக்கவில்லை.

ஆகவே இந்த வாசிப்பு எம்மை யதார்த்தத்திலிருந்து தப்பி ஓட வைத்தது என்னும் பழைய குற்றச்சாட்டை என்னால் ஏற்க முடியாது. எமக்கு ஓட இடமிருக்கவில்லை. இருந்த இடத்திலேயே நின்று, நடப்பது இப்படித்தான் நடக்க வேண்டுமா என்று கேட்கவே அது உதவியது.

கொமிக்ஸுக்கு முந்தியது உம்மம்மாவின் வாய். அவருக்குத் தமிழ் எழுத்து சரளமாக வராது. அறபுத் தமிழ் வாசிப்பார். நிலா வெளிச்சத்தில் முற்றத்தில் பாய் விரித்துப் படைப்போர்க் கதைகளையும் கிஸ்ஸாக்களையும் ஜின் கதைகளையும் கலந்து சொல்வார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மிஃறாஜ் பயணத்தைச் சொல்லும்போது உம்மம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வார். குரல் தாழும். ஜின்னுக்குப் பெண் கொடுத்த செட்டியின் கதையைச் சொல்லும்போது வெற்றிலையை மென்றுகொண்டே சிரிப்பார். எது ஈமான், எது கதை என்ற வேறுபாட்டை எமக்கு யாரும் பாடமாக நடத்தவில்லை. அந்த முக்காடே போதுமாக இருந்தது. கட்டுக்கதை கேட்டு வளரும் பிள்ளை மார்க்கத்தையும் கட்டுக்கதை என்று எண்ணிவிடும் என்று அஞ்சுகிறவர்களை நான் மதிக்கிறேன். அவர்களில் என் உஸ்தாதுமாரும் உண்டு. ஆனால் என் அனுபவம் வேறு. இரண்டையும் ஒரே வாயிலிருந்து இரண்டு குரல்களில் கேட்ட பிள்ளைக்கு அந்த மயக்கம் வரவில்லை. கதையே கேளாமல் வளர்ந்து, கைத்தொலைபேசியில் வருவதையெல்லாம் உண்மை என்று நம்பி மற்றவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் தலைமுறைக்குத்தான் அது வந்திருக்கிறது.

மரபு என்று பேசத் தொடங்கினால் இன்னொரு சங்கடம் காத்திருக்கிறது. முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களில் மிகப் பழையது 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய ஆயிரம் மசலா என்பது எமது வாசகர் பலருக்கும் தெரியும். அதன் மற்றப் பெயரை நாம் அவ்வளவாகச் சொல்வதில்லை. அதிசய புராணம்! எமது இலக்கியத்தின் தலைவாசலில் ‘அதிசயம்’ என்று எழுதியிருக்கிறது. அதுவும் கேள்வி பதிலாக அமைந்த அதிசயம். நூறு மசலாவில் ஓர் அரசகுமாரி நூறு கேள்விகள் கேட்கிறாள்; விடை சொன்னால்தான் மணம். வேதாளத்தின் கேள்வியில் எமது பையன்கள் அவ்வளவு லயித்துப்போனதற்கு, வீட்டுக்குள்ளே முன்னமே இருந்த இந்த மசலாக் காதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

பிறகு 1885. சித்தி லெப்பையின் அசன்பே சரித்திரம். இலங்கையில் எழுந்த முதல் தமிழ் நாவலாகப் பொதுவாகக் கொள்ளப்படுவது. அதற்குரிய பெருமையை நாம் மேடைகளில் எடுத்துக்கொள்கிறோம், நூலை வாசிப்பதில்லை. கண்டியில் இருந்த ஒரு சட்டத்தரணி, முஸ்லிம் நேசன் ஆசிரியர், கல்விக்காக அலைந்த மனிதர், கதை எழுத உட்கார்ந்தபோது கண்டியையோ கொழும்பையோ எழுதவில்லை. மிசிறு தேசத்துப் பாஷாவின் மகனைக் குழந்தைப் பருவத்திலேயே கடத்திப் பம்பாய்க்குக் கொண்டுவந்து, கல்கத்தா வரை அலையவிட்டு, மறுபடி மிசிறுக்கே கொண்டு சேர்த்தார். இதில் மந்திரம் கிடையாது; இது சாகசக் கதை. ஆனாலும் தான் வாழாத உலகைக் கட்டியெழுப்பும் துணிவு ஒன்றுதான். ஒறாபி பாஷா தோல்வியடைந்து 1883இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு வந்திறங்கியதையும், சித்தி லெப்பை அவரோடு சேர்ந்து முஸ்லிம் கல்விக்காக உழைத்ததையும் சேர்த்துப் பார்த்தால், அந்தக் கற்பனைக்கு விதை எந்தக் கப்பலில் வந்தது என்று விளங்கும். கப்பலில் வந்த பாஷாவைப் பார்த்துத் தன் இளைஞருக்கு ஒரு பேயைப் படைத்துக் கொடுத்தார் அவர். உங்கள் உலகம் இந்தச் சந்தையோடு முடிந்துவிடவில்லை என்று சொல்ல அவருக்குத் தொலைதேசம் தேவைப்பட்டது.

ஆறு வருடம் கழித்து, 1891இல், எமது திருகோணமலையிலேயே இன்னொன்று நடந்தது. எஸ். இன்னாசித்தம்பி ஊசோன் பாலந்தை கதையை எழுதினார். ஐரோப்பாவில் மத்தியகாலத்திலிருந்து வழங்கிவந்த ஒரு வீரக்கதையின் தழுவல் அது. காட்டில் பிறந்த இரட்டையர். ஒருவனைக் கரடி வளர்க்கிறது, மற்றவன் அரசவையில் வீரனாகிறான். கரடி வளர்த்த பிள்ளை என்றதும் எமக்கு மான் வளர்த்த பிள்ளை நினைவுக்கு வர வேண்டும். அந்தலூசிய அறிஞர் இப்னு துபைல் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதிய ஹய்யு இப்னு யக்ஸான், தனித்தீவில் ஒரு மான் வளர்த்த பிள்ளை சுயமாகவே சிந்தித்துப் படைத்தவனை அறியும் கதை. மூல ஐரோப்பியக் கதையில் இன்னொன்றும் உண்டு. பக்கோலே என்ற குள்ள மந்திரவாதியிடம் ஒரு மரக்குதிரை இருக்கிறது. தலையில் உள்ள முளையைத் திருகினால் பறக்கும். ஆயிரத்தொரு இரவுகள் வாசித்தவருக்கு அந்தக் குதிரையைத் தெரியும். அங்கே அது கருங்காலிக் குதிரை. கீழைத்தேசத்துக் குதிரை ஐரோப்பாவுக்குப் பறந்து போய், அந்தக் கதையின் தமிழ் வடிவம் எமது துறைமுகத்துக்கு வந்து இறங்கியிருக்கிறது. துறைமுகம் என்றால் அப்படித்தான். அரிசி மாத்திரமா வரும்?

இந்தத் தொடக்கங்களை நாம் எப்படி வாசிக்கப் பழகினோம் என்பதில்தான் என் மனக்குறை. பேராசிரியர் க. கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ 1968இல் வெளிவந்தது. யதார்த்தவாதத்தை அளவுகோலாகக் கொண்ட அந்த நூல் எமக்கு விமர்சனம் கற்றுத்தந்தது என்பதில் மறுப்பில்லை. சாதியும் சுரண்டலும் கதையின் மையத்துக்கு வந்ததற்கு அந்த இயக்கம் செய்த பங்கு பெரிது. ஆனால் அதன் வழிவந்த நாம் அளவுகோலை எடுத்துக்கொண்டு அளக்க வேண்டிய இடம், அளக்கக் கூடாத இடம் என்று பாராமல் எல்லாவற்றையும் அளந்தோம். அற்புதம் வந்தால் அது பக்குவப்படாத கட்டம். யதார்த்தம் வந்தால் வளர்ச்சி. நான் ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் எழுதிய ஓர் ஒப்படையில் அசன்பேயை ‘முதிராத முயற்சி’ என்று எழுதினேன். நல்ல புள்ளியும் கிடைத்தது. முதிராதது நானே என்பது பிறகுதான் தெரிந்தது.

உலகம் முழுதும் முஸ்லிம்கள் இந்தக் கூச்சத்தோடு இருந்துவிடவில்லை. வங்காளத்தைச் சேர்ந்த பேகம் றொக்கையா 1905இல் ‘சுல்தானாவின் கனவு’ என்ற கதையை ஆங்கிலத்தில் எழுதினார். அது அச்சானது எங்கே தெரியுமா? சென்னையில், இந்தியன் லேடீஸ் மகஸின் என்ற பெண்கள் இதழில். அந்த உலகில் ஆண்கள் வீட்டுக்குள் அடைந்திருக்கிறார்கள். பெண்கள் சூரிய வெப்பத்தில் சமைக்கிறார்கள், ஆகாய வண்டியில் போகிறார்கள், மேகத்திலிருந்து குழாய் வழியே தண்ணீர் இறக்குகிறார்கள். பள்ளிக்கு அனுப்பப்படாமல், இரவில் தமையனிடம் இரகசியமாக ஆங்கிலம் படித்த பெண்ணின் கற்பனை அது. வெறும் கனவோடு நின்றவரும் அல்லர் அவர். 1911இல் கல்கத்தாவில் பெண்களுக்குப் பாடசாலை நடத்தத் தொடங்கினார். வெளியே போக முடியாத பெண் ஆகாய வண்டியைப் படைத்தாள். பாலம் இல்லாத ஊர்ப் பையன் பாதையைப் பறக்கவிட்டான். இரண்டுக்கும் நான் ஒரே காரணத்தையே காண்கிறேன். சென்னையில் அச்சான அந்தக் கதை நூறு வருடத்துக்கு மேலாகியும் எமது தமிழ் முஸ்லிம் வாசிப்பில் ஒரு சிறு அலையையேனும் எழுப்பாமல் போனதை என்னவென்று சொல்வது?

இன்னும் பக்கத்தில் வருவோம். ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்குக் குடிவந்தார். 2008இல் கொழும்பிலேயே மறைந்தார். அவரை இங்கே கொண்டுவந்து சேர்த்தது விண்வெளியல்ல, கடல். வந்த வருடமே அவரும் நண்பர் மைக் வில்சனும் திருகோணமலையில் சுவாமி மலையின் அடியில் கடலில் மூழ்கினார்கள். போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்கள் கடலடியில் கிடப்பதை வில்சன் கண்டார். 1957இல் வெளிவந்த நூலில் கிளார்க் அதையெல்லாம் எழுதியிருக்கிறார். எமது மீனவர்கள் தினமும் கடந்து போகும் தண்ணீர் அது. இங்கிலாந்தில் ஒரு சிற்றூர்ப் பையனாக இருந்தபோது அமெரிக்க மலிவு விஞ்ஞானக்கதை இதழ்களைத் தேடித்தேடிச் சேர்த்தவர் அவர். அந்தப் பையன் வளர்ந்து 1945இல், பூமியிலிருந்து ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் செய்மதிகளை நிறுத்தினால் உலகம் முழுதும் செய்தி பரப்பலாம் என்று கட்டுரை எழுதினான். இன்று மத்திய கிழக்கிலிருந்து எமது பிள்ளைகள் பார்க்கும் தொலைக்காட்சி அந்த உயரத்திலிருந்துதான் இறங்குகிறது. மலிவுக் கதைப் புத்தகம் வாசித்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்று சொல்லும் பெற்றோருக்கு நான் இவரைத்தான் காட்டுவது. அவர்கள் அவ்வளவாக நம்புவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் கிளார்க்கைப் பற்றி எனக்கு ஒரு முறைப்பாடு உண்டு, அது அவர் மீதல்ல. அரை நூற்றாண்டு இந்த நாட்டில் வாழ்ந்து, எமது கடலில் மூழ்கி, ‘சொர்க்கத்தின் ஊற்றுகள்’ என்ற 1979 நாவலில் தப்ரபேன் என்று பெயரிட்டு இலங்கையையே நிலநடுக்கோட்டுக்கு நகர்த்தி அங்கிருந்து வானத்துக்கு ஓர் உயர்த்தி கட்டிய எழுத்தாளரை, திருகோணமலைத் தமிழ்ப் பாடசாலை ஒன்றின் நூலகத்திலும் நான் இதுவரை கண்டதில்லை. நான் பார்த்தவை ஒரு பத்துப் பாடசாலைகள் இருக்கலாம். அவற்றின் அலுமாரிகளில் கடந்தகால வினாத்தாள்களும் தலைவர்களின் வாழ்க்கை வரலாறுகளும் இருக்கின்றன.

தமிழில் இந்தத் துறைக்கு வாசகரைச் சேர்த்தவர் சுஜாதா. எண்பதுகளில் ஆனந்த விகடனில் வந்த ‘என் இனிய இயந்திரா’வை நான் தொகுதியாகத்தான் வாசித்தேன், வாசித்த அன்று இரவு முழுதும் ஜீனோ என்ற அந்த இயந்திர நாய் கூடவே இருந்தது. கதை 2020களின் தொடக்கத்தில் நடப்பதாக அவர் அமைத்திருந்தார். அந்த வருடங்களைக் கடந்து வந்து அதை மறுவாசிப்புச் செய்வது தனி அனுபவம். தலைவரின் முகமே ஒரு மாயத்தோற்றமாக இருக்கலாம் என்ற அந்தக் கற்பனைக்கு இன்று புதிதாக உரை எழுதத் தேவையில்லை. ஆனாலும் நிலா, சிபி, ரவி என்று பெயர்கள் வரும்போது உயர்தர வகுப்பு மாணவனாக இருந்த எனக்குள் ஒரு சிறிய கேள்வி எழுந்தது. அந்த எதிர்காலத்தில் எமது பெயர் எங்கே?

கேள்வி சிறியதுதான், ஆனால் அதை மறைத்துவிட்டு மாயக்கதையைப் புகழ்ந்துகொண்டிருப்பது நேர்மையாகாது. ஊசோன், பாலந்தை இருவரின் ஐரோப்பிய மூலக்கதையில் வீரர்கள் போரிடுவது யாரோடு? சரசேனியரோடு, அதாவது எம்மோடு. பறக்கும் குதிரை எம்முடையது, வில்லன் வேடமும் எமக்கே. கொமிக்ஸிலும் தலைப்பாகையும் வளைந்த கத்தியும் வந்தால் அடுத்த கட்டத்தில் அவன் குத்துப்படுவான் என்று எமக்குத் தெரியும். நாங்கள் கதாநாயகனின் பக்கமே நின்றோம். பத்து வயதில் எமக்கு எதிராக நாங்களே கைதட்டியிருக்கிறோம். இதற்காகச் சிறுவரிடமிருந்து அந்தப் புத்தகங்களைப் பறிப்பது முறையல்ல. பறித்தால் கைதட்டியது நினைவில்லாமல் போய்விடும், அவ்வளவுதான். எமது பெயருள்ள பிள்ளை ஆகாயத்தில் பறக்கும் கதையை எமது எழுத்தாளர் எழுதித் தருவதே இதற்கு மாற்று. அதை யார் எழுதினோம்? எமது சிறுவர் இலக்கியம் என்று வெளிவருபவை பெரும்பாலும் உண்மை பேசு, காலையில் எழு, மரம் நடு என்பவற்றின் எதுகை மோனை வடிவங்கள். பிள்ளைகள் பரிசளிப்பு விழாவில் அவற்றைப் பெற்றுக்கொள்கிறார்கள். திறந்து பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

வளர்ந்தோருக்கான எழுத்தில் நிலைமை எப்படி? 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்தது. 2006இல் மூதூர் மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கந்தளாய்க்கு நடந்தார்கள். இரண்டைப் பற்றியும் ஏராளமான கதைகளும் கவிதைகளும் வந்தன. அவற்றின் சாட்சியப் பெறுமதியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றை வாசித்தால் மற்றதை வாசித்த மாதிரி இருக்கிறது. அலை வருகிறது, கை நழுவுகிறது, மையித்து வரிசை, நிவாரணப் பொதி, பெருமூச்சு. நடந்தது அதுதான், அதனால் எழுதினோம் என்பார்கள். சரி. ஆனால் கடல் எழுந்து நின்றதை நேரில் கண்ட பிள்ளை அதைப் பற்றிச் சொன்னது இப்படி அல்ல. அந்த வருடம் முகாமில் ஒரு சிறுமி என்னிடம், கடல் எங்கள் வீட்டில் எதையோ தேடி வந்தது சேர், கிடைக்காமல் திரும்பிப் போய்விட்டது என்றாள். என்ன தேடியது என்று நான் கேட்கவில்லை. இந்த வசனத்திலிருந்து ஒரு நாவல் தொடங்கலாம். எமது எழுத்தாளரில் ஒருவரும் அங்கிருந்து தொடங்கவில்லை. விலங்குகளை வைத்துக் கதை சொல்லத் துணிந்த அம்ரிதா ஏயெம் போன்ற விதிவிலக்குகள் கிழக்கிலே இருக்கிறார்கள். அவர்களை விதிவிலக்கு என்று சொல்ல வேண்டியிருப்பதே என் வருத்தம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அற்புதம் என்ற பெயரில் எதையும் எழுதலாம் என்று கிளம்பி, லத்தீன் அமெரிக்க நாவல் ஒன்றைத் தமிழில் வாசித்துவிட்டு மறுமாதமே தன் ஊர்ப் பெண்ணை வானத்துக்கு ஏற்றிவிடும் கதைகளும் எமக்கு வருகின்றன. அவற்றில் பறப்பவருக்குக் கீழே ஊர் இருப்பதில்லை. அந்தப் பையனின் பாதைக்குக் கீழே கப்பல்கள் செருப்புகளாகத் தெரிந்தன, மாடு கத்தியது. பறக்கும் உயரத்தை அவன் தன் ஊர்ப் பொருளாலேயே அளந்தான். மண்வாசனை என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் இருக்குமானால் அது அங்கே இருந்தது.

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. 396 மீற்றர். அப்போது இலங்கையில் அதுவே மிக நீளமான பாலம். நானும் பிள்ளைகளோடு நடந்து போய்ப் பார்த்தேன். நடுவில் நின்று கீழே பார்த்தபோது அந்தக் கட்டுரை ஞாபகம் வந்தது, அவ்வளவுதான். பன்னிரண்டு வருடம் கழித்து, 2021 நவம்பர் 23இல், குறிஞ்சாக்கேணியில் பாலவேலை நடந்துகொண்டிருந்த இடத்தில், காலையில் ஆட்களை ஏற்றிச் சென்ற பாதை கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் உயிரிழந்தார்கள். அன்றிரவு நான் பழைய பெட்டியைத் திறந்து அந்தப் பையனின் கொப்பியைத் தேடினேன். கொப்பி என்னிடம் இருக்க நியாயமில்லை; திருத்தியதும் திருப்பிக் கொடுத்துவிட்டேன் அல்லவா. அவன் இப்போது கட்டாரில் வாகனம் ஓட்டுகிறான். கடந்த பெருநாளைக்கு ஊருக்கு வந்தபோது கேட்டேன். சிரித்தான். அப்படியொன்று எழுதியது அவனுக்கு நினைவில்லை. ஆறு புள்ளி கிடைத்தது மட்டும் நினைவிருக்கிறதாம்.

எமது பாடசாலை அலுமாரியில் இப்போது என்னுடைய பழைய அம்புலிமாமாக்களில் மிஞ்சிய பதினொன்றை வைத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் கடைசிப் பக்கங்கள் இல்லை. சில மாதங்களுக்கு முன் அவற்றில் ஒன்றை எடுத்துப் பார்த்தபோது, பின்னால் கொப்பித் தாள் இரண்டை யாரோ கம்பியடித்து ஒட்டியிருந்தார்கள். கதையை இரண்டு பேர் முடித்திருந்தார்கள், இரண்டு கையெழுத்தில், இரண்டு விதமாக. ஒன்றில் வேதாளம் சீனக்குடா எண்ணெய்த் தாங்கி ஒன்றுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. மற்றதன் அடியில் பென்சிலால், மேலே உள்ளது பொய், கீழே உள்ளதே சரி என்று எழுதியிருக்கிறது.